அறுநூறும் அறுநூற்றொன்றும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒருநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. அரசாங்கக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. உண்மையில் நிறையவே பிறந்திருந்தன. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தொண்டை கிழிய அழுதுகொண்டும் இருந்தன. அவற்றின் பாதத்தைக் கண்ணாடித் தட்டில் வைக்கத்தான் பெற்றவர்களுக்கு மனம் வரவில்லை.

அப்போதெல்லாம் பிறந்த குழந்தைக்குக் கையோடு ஒரு பத்து இலக்க எண் கொடுத்துவிடுவார்கள். வலது பாதத்தைத் தட்டில் வைத்தால் போதும், மாவட்ட வரிசையில் அடுத்து நிற்கிற எண் எதுவோ அது அந்தக் குழந்தையுடையது. ரேஷனில் தொடங்கி சுடுகாடு வரை அதுதான் ஆள். எப்போதோ எங்கேயோ பிள்ளைகள் மாறிப்போன வழக்கு ஒன்று வந்ததால், எண் பதியாத குழந்தையைத் தாய் கையில் கொடுக்கக் கூடாது என்றும் விதி போட்டிருந்தார்கள். நல்ல மனதோடுதான் போட்டார்கள். போடுவதற்கு முன் நம் ஜனங்களைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

நம் ஜனங்கள் அதிலும் ராசி பார்க்க ஆரம்பித்தார்கள். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மிச்சமில்லாமல் வகுக்க முடியாத எண்ணைப் பகா எண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஏழு, பதின்மூன்று, நூற்றொன்று, அந்த ஜாதி. அப்படிப்பட்ட எண் வாய்த்தவனை யாராலும் பிரிக்க முடியாது, அவன் சொத்து பிரியாது, பெண்டாட்டி பிரியமாட்டாள் என்று ஒரு ஜோசியர் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். வசதியுள்ளவர்கள் பிரசவ நேரத்தையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். இருபது வருஷம் கழித்து ஓர் ஆய்வு வந்தது. பகா எண்காரர்கள் நன்றாகப் படிக்கிறார்கள், நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், பல் கூட அவர்களுக்கு அவ்வளவாக விழுவதில்லை என்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே அந்த எண் போகிறது என்று ஆய்வு செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. அரசாங்கமும் சில உத்தியோகங்களைப் பகா எண்காரர்களுக்கென்றே ஒதுக்கியது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. இந்தப் பெரிய எண்களில் எல்லாப் பகா எண்ணுக்கும் முன்னால் ஓர் இரட்டைப்படை எண் நின்றுகொண்டிருக்கும். அதை யாராவது எடுத்துத் தொலைத்தால்தான் பகா எண் வெளியே வரும். யார் எடுப்பது? மாவட்டம் முழுக்க அடுத்தவன் எடுக்கட்டும் என்று காத்திருக்கும். விவரம் தெரியாத யாராவது, அல்லது காத்திருக்க முடியாத யாராவது, கடைசியில் பாதத்தை வைப்பார்கள்.

அன்றைக்குப் பீளமேட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெரிய திரையில் நின்ற எண் 129 99 63 600. அடுத்தது 601. செல்பேசிகளில் இருந்த செயலி அதைச் சோதித்து ‘பகா எண்’ என்று பச்சை விளக்குக் காட்டியிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில், நர்ஸ் கையிலிருந்த தன் பெண் குழந்தையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றிருந்தார் மோட்டார் பம்ப் கம்பெனி சென்னியப்பன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி நித்திலா படுத்திருந்தாள். மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர். குழந்தை அழுவது அவளுக்குக் கேட்டது. எட்டத்தான் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் மரகதம் என்று ஒரு பஸ் டிரைவர். அவளுடைய ஆண் குழந்தையும் அழுதுகொண்டிருந்தது. காலையிலிருந்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க நர்சு, எம்பையன் காலை எடுத்து வையுங்க. என்ன நம்பரோ வந்துட்டுப் போகுது. பசிக்குது அவனுக்கு.”

நர்ஸ் வைத்தாள். அறுநூறு பதிந்தது. அவள் கை நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர் சென்னியப்பன் ஒருவர்தான். மாவட்டத்தில் மற்ற அத்தனை அப்பாக்களையும் முந்திக்கொண்டு அறுநூற்றொன்றைப் பிடித்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் அன்று அவர் வாங்கிக் கொடுத்த லட்டைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

குழந்தைக்கு ஏகவல்லி என்று பெயர் வைத்தார். வீட்டு வாசல் கேட்டில் அவள் எண்ணைப் பித்தளையில் அடித்து மாட்டினார். பிரிவு என்கிற வாடையே அவள் பக்கம் அடிக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. வருஷா வருஷம் பிறந்தநாளுக்குப் பெரிய கேக் வரும், வெட்டக் கூடாது. மெழுகுவர்த்தி ஏற்றி, கைதட்டி, முழுசாக அப்படியே கம்பெனி ஆட்களுக்குப் போய்விடும். ஏகவல்லி இருபத்தேழு வயது வரை தன் பிறந்தநாள் கேக்கைத் தின்றதில்லை. இதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

எண் இருந்ததால் வேலையும் எளிதில் கிடைத்தது. மாவட்ட எண் அலுவலகத்தில் சரிபார்ப்பு அதிகாரி. அந்த நாற்காலியில் பகா எண்காரர்கள்தான் உட்காரலாம், அவர்களிடம் லஞ்சம் செல்லாது என்று அரசாங்கத்துக்கு ஒரு நம்பிக்கை.

அங்கேதான் ஒருநாள் நன்மாறன் வந்து நின்றான். குடிநீர் வாரியத்தில் பொறியாளர். சிறுவாணித் தண்ணீரை எந்த வார்டுக்கு எவ்வளவு என்று பங்கு போடுவது அவன் வேலை, அதனால் எல்லா வார்டிலும் அவனைத் திட்டுவார்கள். ஏதோ ஒரு சான்றிதழுக்காகத் தன் எண்ணைச் சொன்னான். ஏகவல்லி தட்டச்சு செய்துகொண்டே வந்து கடைசி இலக்கத்தில் நிறுத்தினாள். தன் எண்ணைத்தான் கைப்பழக்கத்தில் அடித்துவிட்டோமோ என்று சந்தேகம்.

“அறுநூறுங்களா?”

“ஆமாங்க. ஏனுங்க, தப்புங்களா?”

“தப்பில்லைங்க. எனக்கு முன்னாடி வரிசையில நின்னவரு நீங்கதான்.”

மரகதம் தன் மகனுக்கு அந்தக் கதையை எப்போதோ சொல்லியிருந்தாள். அவன் இவளுக்குச் சொன்னான். அப்பா வாய் ஓயாமல் சொல்லும் வெற்றிக் கதையை முதன்முதலாக அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள் ஏகவல்லி. அந்தச் சான்றிதழுக்கு ஒரு நடை போதும். அவன் அடிக்கடி வந்தான், அவளும் ஏதாவது ஒரு தாள் குறைகிறது என்றாள்.

விஷயம் வீட்டுக்கு வந்தபோது சென்னியப்பன் பையனின் குணம் கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை, எண்ணைக் கேட்டார். கேட்டதும் சிரித்தார். அறுநூறு ரெண்டால் போகும், மூன்றால் போகும், நாலால், ஐந்தால், ஆறால் போகும், ஊரில் போகிறவன் வருகிறவனெல்லாம் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார். தவிர, அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொதுவாக வகுக்கும் எண்ணே கிடையாது, பொருத்தத்தில் அதைவிட மோசமானது இல்லை என்று எண் பார்க்கிறவரை வரவழைத்துச் சொல்லவும் வைத்தார். ஈரோட்டில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். மூன்று தலைமுறையாகப் பகா எண் குடும்பம். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள நாளும் குறித்தாகிவிட்டது.

ஏகவல்லி அழுதாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் இருந்தாள். சென்னியப்பன் அவளைப் பிரியமாகப் பார்த்து, பகா எண் என்றால் பிடிவாதம் இருக்கத்தான் செய்யும் என்று பெருமைப்பட்டார். இப்படிப்பட்ட அப்பாவிடம் என்னதான் பேசுவது? நித்திலா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் எண் அலுவலகத்துக்குப் புது இயந்திரம் வந்தது. பழையதும் செயலியும் குறுக்கு வழியில் சோதிப்பவை. புதியது நேர்வழியில் ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கும். மாவட்டத்தின் பழைய பகா எண்களை எல்லாம் அதில் மறுபடி ஓட்டச் சொல்லி ஏகவல்லிக்கு உத்தரவு. ஓடுகிறதா பார்க்கலாம் என்று முதலில் கைக்கு வந்த எண்ணை, அதாவது தன்னுடையதைப் போட்டாள்.

திரையில் பச்சை வரவில்லை. 601 × 1201 × 1801 என்று வந்தது.

இயந்திரம் கோளாறு என்று நினைத்து, ஒரு தாளை எடுத்துப் பெருக்கினாள். அறுநூற்றொன்றை ஆயிரத்து இருநூற்றொன்றால் பெருக்கி, வந்ததை ஆயிரத்து எண்ணூற்றொன்றால் பெருக்கினாள். தன் எண், ஒரு இலக்கம் பிசகாமல், தாளின் அடியில் வந்து உட்கார்ந்தது. கேட்டில் பித்தளையில் மின்னுகிற அதே எண். பிறந்ததிலிருந்து தனக்குக் கிடைத்த ஒவ்வொன்றும், இந்த நாற்காலி உட்பட, அந்தப் பச்சை விளக்கால் கிடைத்தது.

அன்று மாலை வ.உ.சி. பூங்காவில் நன்மாறனிடம் தாளைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, பழைய இயந்திரம் எப்படிச் சோதிக்கும் என்று கேட்டான்.

“ரெண்டுன்னு வெச்சுக்குங்க. அதை அதாலயே பெருக்கிட்டே போகணும். எத்தனை தடவைன்னா, சோதிக்கிற நம்பருக்கு ஒண்ணு கம்மியா. கடைசில வர்றதை அந்த நம்பரால வகுத்தா மிச்சம் ஒண்ணு வரணும். வந்தாப் பகா எண். மத்ததுக்குப் பெரும்பாலும் வராது.”

“ஒண்ணு கம்மின்னா, உன் நம்பருக்கு எத்தனை தடவை?”

“நூத்தி இருபத்தொம்பது கோடியே தொண்ணூத்தொம்பது லட்சத்து அறுபத்து மூவாயிரத்து...” என்று சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்திவிட்டாள்.

“அறுநூறு,” என்றான் நன்மாறன். “அது நானு.”

அவன் அந்தத் தாளிலேயே கணக்குப் போட்டான். அவளுக்குள் ஒளிந்திருந்த மூன்று எண்களில் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் அறுநூறு, ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து எண்ணூறு. மூன்றும் அவன் எண்ணை மிச்சமில்லாமல் வகுத்தன.

“காந்திபுரத்துல மூணு டவுன் பஸ்ஸு கிளம்புதுன்னு வெச்சுக்க,” என்றான். டிரைவர் மகன், உதாரணம் வேறு எங்கே போகும்? “ஒண்ணு அறுநூறு நிமிசத்துக்கு ஒருக்கா ஸ்டாண்டுக்குத் திரும்பும். இன்னொண்ணு ஆயிரத்து இருநூறு. இன்னொண்ணு ஆயிரத்து எண்ணூறு. உன்னோட மூணு நம்பரும் அப்பிடித்தான், அத்தனை தடவை பெருக்கினா மிச்சம் ஒண்ணுக்குத் திரும்பிரும். மிசினு வந்து பார்க்கிறது சரியா என் நம்பர் நிமிசத்துல. அப்ப மூணு பஸ்ஸும் ஸ்டாண்டுல நிக்குது. எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு பச்சை விளக்குப் போட்டுட்டுப் போயிருச்சு.”

“அப்போ உங்க நம்பர் இப்படி எல்லாத்தாலயும் வகுபடாம இருந்திருந்தா?”

“அன்னைக்கே மிசினு உன்னைப் பிடிச்சிருக்கும்.”

பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று அப்பா கேலி செய்த எண்தான் இத்தனை வருஷம் தன்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. சந்தோஷமாக இருந்தது, கூடவே அழுகையும் வந்தது. நன்மாறனோ, அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்றான். அவள் கீழே இறங்கி வந்ததால்தான் தனக்குக் கிடைத்தாள் என்று இருக்கக் கூடாதாம். ஏகவல்லிக்குக் கோபம் வந்துவிட்டது. தான் எங்கேயும் இறங்கவில்லை என்றும், நேற்று எந்த எண்ணோ இன்றும் அதே எண்தான் என்றும், ஊரார் எண்ணை எல்லாம் இயந்திரத்தில் போட்டுவிட்டுத் தன்னுடையதை மட்டும் மேசைக்கு அடியில் தள்ளுவதற்குத் தன்னால் முடியாது என்றும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அடுத்த வாரம் அவள் பிறந்தநாள். வழக்கம்போல் கேக் வந்தது. சென்னியப்பன் கைதட்டினார். நித்திலா மெழுகுவர்த்தியை ஏற்றினாள். ஏகவல்லி அதை ஊதி அணைத்துவிட்டு, சமையலறையிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து, கேக்கை மூன்றாக வெட்டினாள்.

சென்னியப்பன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அம்மிணி, என்ன காரியம் பண்ணிட்ட?”

அவள் ஒவ்வொரு துண்டாகக் காட்டி, இது அறுநூற்றொன்று, இது ஆயிரத்து இருநூற்றொன்று, இது ஆயிரத்து எண்ணூற்றொன்று என்று சொன்னாள். சென்னியப்பன் நம்பவில்லை. செல்பேசியில் செயலியைத் திறந்தார். பச்சை விளக்கு. அவர் முகம் மலர்ந்தது. மகள் கால்குலேட்டரைத் திறந்து நீட்டினாள். அவர் எண்ணை அடித்து, அறுநூற்றொன்றால் வகுத்தார். 21 63 001 என்று வந்தது. புள்ளி இல்லை, மிச்சம் இல்லை. அழித்துவிட்டு மறுபடி வகுத்தார். மறுபடியும் அதேதான் வந்தது.

“எத்தனை வாட்டி வகுத்தாலும் அதுதானுங்க வரும்,” என்றாள் நித்திலா.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு துண்டு கேக்கை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உனக்குத் தெரியுமா?”

“திரையில அவ்வளவு பெருசா நிக்குது. படுத்துட்டு வேற என்ன பண்றது? வாலு அறுநூத்தி ஒண்ணுன்னு இருந்துச்சா, சரி, அதாலயே வகுத்துப் பார்ப்போம்னு தோணுச்சு. முன்னால இருக்கிற பன்னண்டு லட்சத்துச் சொச்சமும் அதுல சரியாப் போச்சு. வாலும் போச்சு. அப்புறமென்ன?”

வீட்டில் ஒரு கணக்கு டீச்சரை வைத்துக்கொண்டு இருபத்தேழு வருஷமாகச் செயலியை நம்பிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டில் மாட்டிய பித்தளை, கம்பெனியில் எல்லாரிடமும் சொன்ன கதை, ஈரோட்டுச் சம்பந்தம் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போனதை ஏகவல்லி பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது.

“ஒரு வார்த்தை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே நித்திலா,” என்றார்.

நித்திலா தட்டைக் கீழே வைத்தாள்.

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

சென்னியப்பன் கால்குலேட்டரை மகளிடம் நீட்டினார்.

“அடுத்த பகா எண் வர்ற வரைக்கும் எம்புள்ளையை எங்கையில குடுத்திருக்க மாட்டீங்க,” என்றாள். “அவ அழுதுட்டே இருந்தாளுங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நான் வகுத்து முடிச்சதும் சாமிகிட்ட வேண்டினதெல்லாம் ஒண்ணுதான். இந்த மனுசன் இதைப் பகா எண்ணுன்னே நம்பிரட்டும்னு.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. லட்டு கொடுத்தது சென்னியப்பனுக்கு நினைவிருந்தது. குழந்தை அழுததும் நினைவிருந்தது. ஆனால் இவ்வளவு காலமும் அந்த அழுகையைத் தன் வெற்றிக்கு அடித்த மேளம்போலத்தான் நினைத்துவைத்திருந்தார். முதன்முறையாக அதை அவள் படுத்திருந்த இடத்திலிருந்து கேட்டார். வெட்கமாக இருந்தது.

ஈரோட்டுக்காரர்கள் நல்ல மாதிரியாகவே விலகிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்தது கடவுள் புண்ணியம் என்று, தொற்றுநோயைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். ஏகவல்லி தன் எண்ணைத் தானே அறிக்கையில் எழுதி மேலே அனுப்பி, நாற்காலியைக் காலி செய்யத் தயாரானாள். ஆனால் இப்படி வேஷம் போட்ட எண்கள் மாநிலத்தில் இன்னும் சில அகப்பட்டன. அதில் ஒன்று ஓர் அமைச்சரின் மச்சானுடையது. உடனே ஓர் அரசாணை வந்தது. அப்படிப்பட்டவர்கள் எல்லாரும் இனிமேல் ‘கௌரவப் பகா எண்’ உடையவர்கள், பதவிக்குப் பங்கமில்லை. ஏகவல்லி நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தாள், தன் பெயருக்குப் பக்கத்தில் கௌரவத்தை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

கல்யாணம் மருதமலையில் நடந்தது. மரகதம் தன் பஸ்ஸிலேயே இரண்டு வீட்டாரையும் ஏற்றிப்போனாள். சென்னியப்பன் மாப்பிள்ளையிடம் மரியாதையாக இருந்தார், அதிகம் பேசவில்லை. மனம் மாறிவிட்டாரா, வேறு வழியில்லாமல் இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டிலிருந்து பித்தளையை அவர் கழற்றவில்லை என்பதை நன்மாறன் கவனித்திருந்தான், மனைவியிடம் சொல்லவில்லை.

அவர் மனம் மாறினாரா என்பது தெரிந்தது ஒன்றரை வருஷம் கழித்து, அதே பீளமேட்டு ஆஸ்பத்திரியில்.

நன்மாறன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். திரையில் ஓர் எண் அசையாமல் நின்றிருந்தது. இரட்டைப்படை. அடுத்தது பகா எண் என்று புது இயந்திரமே உறுதி செய்திருந்தது. நெடுக நின்ற அப்பாக்களும் தாத்தாக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் அழுதன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏகவல்லி தலையைத் தூக்கிப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில் நின்ற நித்திலா திரையைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பேத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, வைக்கலாமா, கொஞ்சம் பார்க்கலாமா என்று சென்னியப்பனைக் கேட்டாள். அவர் துணியை விலக்கி, தேடி, அந்தச் சின்ன வலது பாதத்தைத் தன் கையாலேயே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தார். திரையில் எண் நகர்ந்தது. பின்னாலிருந்து ஒரே தள்ளுமுள்ளு.

“ஏனுங்க பெரியவரே, அடுத்ததே நல்ல நம்பரு,” என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர், நிஜமான வருத்தத்தோடு. “கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாமுங்களே.”

“பொறுத்துப் பார்த்தவனுங்க நானு,” என்றார் சென்னியப்பன்.

குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போய், மகள் கையில் கொடுத்தார். அது அழுகையை நிறுத்தியது. என்ன நம்பர் வந்தது என்று நித்திலா கேட்டாள். அவர் பார்க்கவில்லை என்றார்.